12 மணி நேர வகுப்பும் அதன் 36 மணி நேர வாலும்

கேள்வி: செங்கோட்டையில் வீட்டிலிருந்தே பத்தாம் வகுப்புக் கணிதத்தை ஆன்லைனில் நடத்துகிறேன். ஆறு பேட்ச், பேட்சுக்கு 14 பேர். இரண்டு பேட்ச் தமிழ்நாடு பாடத்திட்டம். இரண்டு பேட்ச் ஆரியங்காவு, புனலூர் பக்கத்துப் பிள்ளைகள், கேரளப் பாடத்திட்டம். மீதி இரண்டில் ஒன்று மஸ்கட், ஒன்று துபாய், இரண்டும் சி.பி.எஸ்.இ. வாரத்துக்கு 12 மணி நேரம்தான் வகுப்பு. ஆனால் காலை எழுந்ததிலிருந்து இரவு பதினொன்றரை வரை போனும் கையுமாக இருக்கிறேன். ஞாயிறும் கிடையாது. சாரல் தொடங்கிவிட்டதால் கரண்ட் போய் வகுப்பு அறுவதும், அதற்கு ஈடாக இன்னொரு வகுப்பு வைப்பதும் சேர்ந்துகொண்டது. மாதக் கட்டணம் 800 ரூபாய். ஏழாவது பேட்ச் ஆரம்பிக்கச் சொல்லிப் பெற்றோர் கேட்கிறார்கள். எடுக்கலாமா? நேரத்தை எப்படிச் சமாளிப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஏழாவது பேட்ச் இப்போது வேண்டாம். ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நீங்கள் கணித ஆசிரியை, கணக்காகவே பார்த்துவிடலாம்.

நேரடி வகுப்பு வாரம் 12 மணி நேரம். மூன்று பாடத்திட்டத்துக்கு வாரம் இரண்டு பாடம் வீதம் ஆறு பாடம் தயாரிக்க வேண்டும். பாடத்துக்கு ஒன்றரை மணி என்றால் 9 மணி. வாரம் ஒரு வீட்டுப்பாடம், 84 பேர். ஒரு தாளைத் தரவிறக்கி, நிமிர்த்தி, திருத்தி அனுப்ப 6 நிமிடம் என்று குறைத்தே வைத்தாலும் 8 மணி 24 நிமிடம். வாட்ஸ்அப் ஒரு நாளைக்கு இரண்டு மணி என்றால் ஏழு நாளுக்கு 14. வீடியோ ஏற்றுவது, கட்டணம் நினைவூட்டுவது, ஈடு வகுப்பு எல்லாம் சேர்த்து 5. கூட்டினால் 48 மணிக்குச் சற்று மேல் வருகிறது.

84 பேருக்கு 800 என்றால் மாதம் 67,200 ரூபாய். வகுப்பு நேரத்தை மட்டும் வைத்து வகுத்தால் மணிக்கு 1,300 வாங்குவதாகத் தோன்றும். உழைக்கும் மொத்த நேரத்தால் வகுத்தால் கையில் நிற்பது சுமார் 325. ஏழாவது பேட்ச் என்பது இன்னும் இரண்டு மணி நேர வகுப்பு மட்டுமல்ல. அதற்கும் திருத்தம், சந்தேகம், கட்டண நினைவூட்டல் என்று ஒரு வால் இருக்கும். உங்களைத் தின்பது அந்த வால்தான். வகுப்பைத் தொடாமல் வாலை நறுக்குவதே வழி.

மேலே சொன்ன எண்களில் சில என் ஊகம். ஆகவே முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள், அளந்து மட்டும் பாருங்கள். நோட்டில் ஐந்து கட்டம் போட்டு வகுப்பு, தயாரிப்பு, திருத்தம், செய்தி, மற்றவை என்று எழுதி, அரை மணிக்கு ஒரு கோடு கிழியுங்கள். மணிக்கணக்கில் கிழித்தால் வாட்ஸ்அப் கணக்கில் வராது. அது ஐந்தைந்து நிமிடமாகக் கசிந்து போகிற நேரம்.

பெரிய ஓட்டை அதுதான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். இந்தப் பக்கத்துப் பிள்ளை "மிஸ், ஒரு டவுட்" என்று அனுப்பும், அந்தப் பக்கத்துப் பிள்ளை "டீச்சரே, ஒரு சம்சயம்" என்று அனுப்பும். இரண்டும் ஒரே கணக்கைப் பற்றியதாக இருக்கும். நீங்கள் தனித்தனியாக இரண்டு முறை பதில் எழுதுவீர்கள். ஆறு பேட்சுக்கும் பொதுவான ஒரு கேள்விக்கு ஒரே வாரத்தில் பத்துப் பதினைந்து முறை விடை எழுதுவது ஆன்லைன் ஆசிரியர்களிடம் சாதாரணமாக நடப்பது. தனிச் செய்தியாக வருவதால் அது கண்ணில் படுவதில்லை.

இதற்கு நான்கு ஏற்பாடு தேவை. சொந்த எண்ணையும் வகுப்பு எண்ணையும் பிரியுங்கள். இன்னொரு சிம் வாங்கி வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் போட்டால் அதே போனில் இரண்டும் ஓடும். அந்தச் செயலியில் வேலை நேரத்துக்கு வெளியே தானாகப் பதில் போகும் வசதி உண்டு. ஆனால் அது தனி உரையாடலுக்கு மட்டும்தான் போகும், குழுவுக்குப் போகாது. இது தெரியாமல் "வைத்துவிட்டேனே, ஏன் போகவில்லை" என்று குழம்புகிறவர்கள் உண்டு. அடுத்து, ஒவ்வொரு பேட்சுக்கும் உள்ள அறிவிப்புக் குழுவில் அட்மின் மட்டும் செய்தி போடும்படி மாற்றுங்கள். மூன்றாவதாக, பாடத்திட்டத்துக்கு ஒன்றாக மூன்று சந்தேகக் குழுக்கள் வையுங்கள். திங்கள் முதல் வியாழன் வரை இரவு 8.15 முதல் 8.45 வரை மட்டும் அவை திறந்திருக்கட்டும். முடிந்ததும் அதே அட்மின் வசதியால் மூடிவிடலாம். கடைசியாக, தனிச் செய்தியில் வரும் பாடச் சந்தேகத்துக்கு விடை எழுதவே எழுதாதீர்கள். "குழுவில் கேளம்மா, எல்லாருக்கும் உதவும்" என்பதை விரைவுப் பதிலாகச் சேமித்து வைத்தால், சாய்கோடு போட்டு ஓர் எழுத்துத் தட்டினால் வந்துவிடும். உடல்நிலை, கட்டணம், வீட்டுப் பிரச்சினை ஆகிய மூன்றுக்கு மட்டும் தனிச் செய்தி.

முதல் பத்து நாள் பிள்ளைகள் குழுவில் கேட்கத் தயங்குவார்கள். "இதுகூடத் தெரியாதா" என்று மற்றவர்கள் நினைத்துவிடுவார்கள் என்ற கூச்சம்தான் காரணம். அதற்குப் பழைய தந்திரம் ஒன்று உண்டு: தனியாக வந்த கேள்வியைப் பெயர் சொல்லாமல் நீங்களே குழுவில் போட்டு விடை சொல்லுங்கள். நாலு முறை அப்படி நடந்தால் ஐந்தாவதை அவர்களே போடுவார்கள். வேறு ஒரு பிள்ளை முந்திக்கொண்டு விடை சொன்னால் தடுக்காதீர்கள். தவறாக இருந்தால் மட்டும் உள்ளே வாருங்கள்.

இனி திருத்தம். உங்களுக்கு வரும் வீட்டுப்பாடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே பிள்ளையிடமிருந்து ஐந்து படம். இரண்டு படுக்கைவசத்தில், ஒன்றில் பிள்ளையின் கை நிழல், ஒன்று கலங்கல், ஐந்தாவது மறுநாள் காலையில். ஆறு நிமிடத்தில் ஒன்றரை நிமிடமாவது கணக்கைப் பார்க்கும் முன்பே போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வாங்குவதை நிறுத்துங்கள். கூகுள் கிளாஸ்ரூமைத் தனிப்பட்ட கூகுள் கணக்கிலேயே பயன்படுத்தலாம், கட்டணம் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் பொத்தான் உண்டு. எல்லாப் பக்கத்தையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி ஏற்றச் சொல்லுங்கள். அதை எப்படிச் செய்வது என்று ஒரு வகுப்பில் பத்து நிமிடம் உங்கள் திரையைப் பகிர்ந்து காட்டுங்கள். அந்தப் பத்து நிமிடத்தைச் சேமிக்க நினைத்தால் வருடம் முழுக்கப் படுக்கைவசப் படம்தான் வரும். தமிழ்நாடு பேட்சில் செய்முறை வடிவியலும் வரைபடமும் உண்டே, ஒவ்வொன்றுக்கும் 8 மதிப்பெண். அதற்கு மட்டும் கூடுதலாக ஒரு விதி: நோட்டைத் தரையில் வைத்து நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். சாய்ந்து எடுத்த படத்தில் வட்டம் முட்டையாகத் தெரியும், கோணத்தை நீங்கள் சரிபார்க்க முடியாது.

எல்லாக் கணக்கையும் நீங்களே திருத்த வேண்டியதில்லை. பத்துக் கணக்கு கொடுத்தால் எட்டைக் கூகுள் ஃபார்மில் வினாடி வினாவாக வையுங்கள், அது தானே திருத்திக்கொள்ளும். இரண்டை மட்டும் படிப்படியாகக் கையால் எழுதி அனுப்பட்டும். ஃபார்மில் வைப்பது சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. விடைகளை ஏனோதானோ என்று வைத்தால் அது உண்மைதான். யோசித்து வைத்தால் கைத்திருத்தத்தைவிட அதிகம் சொல்லும். ஓர் எடுத்துக்காட்டு: 7, 11, 15 என்று போகும் கூட்டுத் தொடர்வரிசையின் 20ஆம் உறுப்பு என்ன? சரியான விடை 7 + 19 × 4 = 83. தவறான விடைகளாக 87, 80, 79 என்று கொடுங்கள். 87 போட்ட பிள்ளை ஒன்றைக் கழிக்க மறந்து 20ஆல் பெருக்கியிருக்கிறது. 80 போட்டது அதோடு முதல் உறுப்பையும் கூட்டவில்லை. 79 போட்டது ஒன்றுக்குப் பதில் இரண்டைக் கழித்திருக்கிறது. எந்த விடையைத் தட்டியது என்பதிலேயே எங்கே வழுக்கியது என்று தெரிந்துவிடுகிறது. ஃபார்மில் தவறான விடைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பின்னூட்டம்தான் எழுத முடியும். தனித்தனி விளக்கம் வேண்டுமானால், விடையைப் பொறுத்து வேறு பகுதிக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. முதலில் ஒன்றிரண்டு கேள்விக்கு மட்டும் அதைச் செய்து பழகுங்கள்.

விடைகள் கூகுள் ஷீட்டில் வந்து விழும். 14 பேரில் 9 பேர் 87 போட்டிருந்தால் அது ஒன்பது பிள்ளைகளின் தவறல்ல, நடத்திய விதத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. ஒன்பது பேருக்குத் தனித்தனியாக எழுதுவதற்குப் பதில் அடுத்த வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தை அதற்குக் கொடுங்கள். ஒரே ஒரு பிள்ளை மட்டும் 80 போட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் இரண்டு வரி.

கையால் எழுதி வரும் இரண்டு கணக்குக்கு நாலு குறியீடு போதும். கு என்றால் குறிப் பிழை, சூ என்றால் சூத்திரம் தவறு, ப என்றால் படி விட்டுப்போயிற்று, அ என்றால் அலகு எழுதவில்லை. இவற்றை முதல் வகுப்பிலேயே பிள்ளைகளின் நோட்டு அட்டைக்குள் எழுத வைத்துவிடுங்கள். "மைனஸ் குறியைக் கவனிக்கவும், முந்தைய படியில் சரியாக எழுதிவிட்டு இங்கே மாற்றிவிட்டாய்" என்று தட்டச்சு செய்வதற்குப் பதில் வரிக்குப் பக்கத்தில் ஒரு "கு". எந்த வரி என்று காட்டினால் போதும், ஏன் என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். அடிக்கடி எழுத வேண்டிய நீண்ட குறிப்புகளைக் கிளாஸ்ரூமின் குறிப்பு வங்கியில் சேர்த்துவையுங்கள். திருத்தும்போது ஒரு பிள்ளையின் தாளை முடித்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போகாதீர்கள். முதல் கணக்கை 14 பேருக்கும் பார்த்துவிட்டு இரண்டாவதற்கு வாருங்கள். ஒரே கணக்கு மனதில் நிற்பதால் வேகம் கூடும், மதிப்பெண்ணும் ஆளுக்கு ஒரு மாதிரி விழாது. இப்படிச் செய்தால் ஒரு பிள்ளைக்கு இரண்டரை நிமிடம் ஆகும். 84 பேருக்கு மூன்றரை மணி.

தயாரிப்பில் நீங்கள் படும் சிரமத்துக்குக் காரணம், புத்தகத்தை வைத்துத் தயாரிப்பது. மூன்று புத்தகம், மூன்று வரிசை. ஆனால் உள்ளே இருக்கும் சரக்கில் பெரும்பகுதி ஒன்றுதான். கூட்டுத் தொடர்வரிசை, இருபடிச் சமன்பாடு, முக்கோணவியல், ஆயத்தொலை வடிவியல், திண்மங்களின் அளவு, புள்ளியியல், நிகழ்தகவு ஆகியவை மூன்றிலும் வருகின்றன. தமிழ்நாட்டில் மட்டும் பத்தாம் வகுப்பிலேயே உறவுகளும் சார்புகளும், அணிகள், பெருக்குத் தொடர்வரிசை கூடுதல். ஆகவே தலைப்புக்கு ஒரு கோப்புறை போடுங்கள். உள்ளே பொது விளக்கத்துக்கு ஒரு பலகை, பத்துப் பொதுக் கணக்கு, ஒரு ஃபார்ம். அதற்குக் கீழே தமிழ்நாடு, கேரளம், சி.பி.எஸ்.இ. என்று அந்தந்தக் கேள்வித்தாள் பாணியில் ஐந்தைந்து கணக்கு. பொதுப் பகுதியை ஒரு முறை செய்தால் மூன்று பாடத்திட்டத்துக்கும் ஆகும். கேரள அரசுப் பாடநூலின் தமிழ்வழிப் பதிப்பும் உண்டு. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கலைச்சொல் எங்கே வேறுபடுகிறது என்று ஒரே பார்வையில் தெரியும். இந்தக் கோப்புறை சேரும்வரை முதல் நாலு வாரம் வேலை கூடத்தான் செய்யும். அதைச் சொல்லாமல் விட்டால், இரண்டாவது வாரமே "இது சரிப்படாது" என்று விட்டுவிடுவீர்கள்.

நேர அட்டவணையில் ஒரு நல்ல இடைவெளி உங்கள் கண்ணில் படாமல் கிடக்கிறது. வளைகுடா பேட்ச் இரண்டையும் வாரம் நான்கு இரவு 9 மணிக்கு வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அங்கே ஏழரை, பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த நேரம். ஓமானுக்கும் துபாய்க்கும் நம்மைவிட ஒன்றரை மணி பின்தங்கிய நேரம்தான், ஆனால் விடுமுறை நாள் ஒன்றல்ல. ஓமானில் வெள்ளி, சனி விடுமுறை. துபாயில் 2022 முதல் சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு உங்கள் செங்கோட்டை, புனலூர்ப் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள், நீங்கள் சும்மா இருப்பீர்கள். மஸ்கட்டில் அப்போது காலை ஒன்பது, விடுமுறை நாள், தொழுகைக்கும் நேரம் இருக்கிறது. மஸ்கட் பேட்சை வெள்ளி 10.30, சனி 10.30 என்று மாற்றுங்கள். துபாய் பேட்சுக்கு ஒன்றைச் சனிக்கிழமை 12 மணிக்கும் இன்னொன்றைச் செவ்வாய் இரவு 9 மணிக்கும் வையுங்கள். நாலு இரவு வகுப்பு ஒன்றாகிவிடும், ஞாயிறு முழுதாக உங்களுக்குக் கிடைக்கும். ரமலான் மாதத்தில் பள்ளி நேரம் மாறும், அதை மட்டும் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வளைகுடாப் பிள்ளைகளுக்கு ஜூலையை ஒட்டி நீண்ட விடுமுறை. பலர் ஊருக்கு வந்துவிடுவார்கள். மாற்றங்களைச் செய்ய உங்களுக்கு அதைவிடத் தோதான காலம் கிடையாது.

கேரளப் பள்ளிகளில் ஓணத்துக்கு முன் ஒரு தேர்வு, கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு தேர்வு. இங்கே செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு. செப்டம்பர்ச் சுமை ஓரளவு பிரிந்து வரும். டிசம்பரில் இரண்டு பக்கமும் ஒன்றாக விழும். டிசம்பர் முதல் மூன்று வாரத்துக்குப் புது வீட்டுப்பாடம் கிடையாது, சந்தேக நேரம் மட்டும் இரட்டிப்பு என்று இப்போதே நாட்காட்டியில் எழுதிவிடுங்கள்.

சாரல், கரண்ட் விஷயத்தில் பெரும்பாலானோர் இன்வெர்ட்டர் வாங்குவதில்தான் கவனம் வைக்கிறார்கள். மடிக்கணினிக்கு பேட்டரி இருக்கிறது, வகுப்பை அறுப்பது ரவுட்டர். ஃபைபர் இணைப்பில் சில வீடுகளில் சுவரோரம் ஒரு பெட்டி, மேஜையில் ஒரு பெட்டி என்று இரண்டு இருக்கும். ரவுட்டருக்கு மட்டும் சிறிய யு.பி.எஸ். மாட்டிவிட்டு, சுவர்ப் பெட்டியை விட்டுவிடுவார்கள். கரண்ட் போனதும் வைஃபை விளக்கு எரியும், இணையம் இருக்காது. இரண்டு அடாப்டரின் பின்னாலும் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும், ஆனால் பார்க்காமல் வாங்க வேண்டாம். அதுவும் போய்விட்டால் போன் ஹாட்ஸ்பாட்டில் கேமராவை அணைத்துவிட்டுக் குரலும் திரையும் மட்டும் ஓட்டுங்கள், டேட்டா வெகுவாகக் குறையும்.

இதைவிட முக்கியம் ஈடு வகுப்புப் பழக்கத்தை விடுவது. பாடத்திட்டத்துக்கு இரண்டு என்று ஆறு "மழைநாள் பாடம்" முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். 20 நிமிடம் போதும், எந்த வாரத்திலும் பொருந்துகிற திருப்புதல் தலைப்பாக இருக்கட்டும். யூடியூபில் பட்டியலிடப்படாத வீடியோவாக ஏற்றிவிட்டால் இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்ப்பார்கள். வகுப்பு பத்து நிமிடத்துக்கு மேல் அறுந்தால் அந்த இணைப்பும் ஒரு ஃபார்மும் போகும், வேறு நாளில் வகுப்பு கிடையாது. 14 வீட்டுக்கும் ஒத்துவரும் நேரம் தேடி அனுப்பும் செய்திகளே ஒரு வகுப்பு நேரத்தைத் தின்றுவிடும்.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் பெற்றோருக்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும். நீளமாக வேண்டாம்:

"ஜூலை 15 முதல் பாடச் சந்தேகங்கள் குழுவில் மட்டும், திங்கள் முதல் வியாழன் வரை இரவு 8.15 முதல் 8.45 வரை. வீட்டுப்பாடம் கிளாஸ்ரூமில் ஞாயிறு இரவு 8 மணிக்குள். திருத்தியது புதன்கிழமைக்குள் கிடைக்கும். மின்தடையால் வகுப்பு நின்றால் பதிவுப் பாடம் அனுப்பப்படும். அவசரத்துக்கு இந்த எண்ணில் அழைக்கலாம்."

புனலூர்ப் பெற்றோருக்கு இதையே மலையாளத்தில் அனுப்புங்கள். பிள்ளைக்குத் தமிழ் புரியும் என்பதற்காக வீட்டிலும் எல்லாரும் வாசிப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். "புதன்கிழமைக்குள்" என்று ஒரு நாளைச் சொல்வதால்தான் "மிஸ், திருத்திட்டீங்களா" என்ற செய்தி நிற்கும். சொன்ன நாள் ஒருமுறை தவறினால் அந்தச் செய்தி திரும்ப வரும், அதற்குப் பிறகு நிறுத்துவது கடினம். ஆகவே முடியும் என்று உறுதியாகத் தெரிகிற நாளுக்கு இன்னும் ஒரு நாள் கூட்டியே சொல்லுங்கள். இரண்டு மூன்று பெற்றோர் முகம் சுளிக்கலாம். 84 பேரில் ஒருவர் இருவர் விலகினாலும் கணக்கு கெடாது.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் வகுப்பு 12, தயாரிப்பு 6, திருத்தம் மூன்றரை, செய்தி 4, மற்றவை 2 என்று 27 அல்லது 28 மணிக்கு வந்து நிற்க வேண்டும். ஓணத் தேர்வு முடிந்ததும் அதே ஐந்து கட்டத்தை மறுபடி இரண்டு வாரம் நிரப்பிப் பாருங்கள். முப்பதுக்குக் கீழே இருந்தால் ஏழாவது பேட்சை எடுக்கலாம், அதற்கு மட்டும் ஆரம்பத்திலேயே 1,000 ரூபாய் கேளுங்கள். இப்போது கேட்டு நிற்கும் பெற்றோரிடம் பெயரையும் பாடத்திட்டத்தையும் குறித்துக்கொண்டு, காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு பதில் சொல்வதாகச் சொல்லிவையுங்கள்.